முக்திநாத் முடிந்து காத்மாண்டில் கடைசி இரண்டு நாள்: சேலத்திலிருந்து போகிறவர்களுக்கு

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் தெருவில் மட்டும் நேபாளத்து முக்திநாத் பெருமாள் கோயிலுக்குப் போய்வந்த வீடு ஏழெட்டு இருக்கும். அவர்களிடம் முக்திநாத் பற்றிக் கேட்டால் 108 தாரைகளிலும் நனைந்த கதையை ஒரு மணி நேரம் சொல்வார்கள். காத்மாண்டு எப்படி என்று கேட்டால், "பசுபதிநாதரைப் பார்த்தோம், பெரிய புத்தர் கோயில் ஒண்ணு, குரங்கு நிறைய, ருத்ராட்சம் வாங்கினோம்" என்று அரை நிமிடத்தில் முடித்துவிடுவார்கள்.

அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. பத்து நாள் பயணத்தின் கடைசியில் அந்த ஊர் வருகிறது. கால் ஓய்ந்திருக்கும், பை முழுக்க அழுக்குத் துணி, மனசு பாதி வீட்டுக்கு வந்துவிட்டிருக்கும். முதல் தடவை அம்மாவோடு ஒரு சுற்றுலாக் குழுவில் போனபோது எங்களை ஒரே நாளில் ஒன்பது இடம் இறக்கி ஏற்றினார்கள். ஏழாவது இடத்தில் அம்மா பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை. "நீ பார்த்துட்டு வந்து சொல்லு கண்ணு" என்றார்.

இரண்டாவது தடவை உறவுக்காரர்கள் பதினொரு பேரை நானே கூட்டிப் போனேன். அப்போது போட்ட திட்டம்தான் இது. அடிப்படை ஒன்றே ஒன்று: விமான நிலையத்துக்குத் தூரமாக இருப்பதை முதலில் பார்க்க வேண்டும், பக்கத்தில் இருப்பதைக் கடைசிக்கு வைக்க வேண்டும். விமான நிலையம் ஊரின் கிழக்கே இருக்கிறது. பசுபதிநாத்தும் பௌத்தநாத்தும் அதற்குக் கூப்பிடு தூரம். பழைய நகரமும் சுயம்புநாத்தும் மேற்கே, பாட்டன் என்ற ஊர் தெற்கே, புத்தநீலகண்டர் வடக்கே. இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

சேலத்திலேயே முடிக்க வேண்டியவை

முதலில் அடையாள அட்டை. இந்தியர்களுக்கு நேபாளத்துக்கு விசா வேண்டாம். ஆனால் 15 முதல் 65 வயது வரை உள்ளவர்கள் விமானத்தில் போய்வர பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையம் தந்த வாக்காளர் அட்டை கட்டாயம். இந்த வயதுக்காரர்களுக்கு ஆதார் போதாது. போகும்போது ரயிலில் கோரக்பூர் வரை போய், சுனௌலி எல்லையைத் தரைவழியாகக் கடக்கிற குழுக்களில் இது அடிக்கடி நடக்கிறது: எல்லையில் யாரும் கெடுபிடி செய்யவில்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டு, திரும்பும் நாளில் காத்மாண்டு விமான நிலையத்தில் முழிப்பார்கள். அதனால் வாக்காளர் அட்டை அசலையே எடுத்துப் போங்கள். 65-க்கு மேற்பட்டவர்களும் 15-க்குக் கீழ்ப்பட்டவர்களும் வயதைக் காட்டும் வேறு புகைப்பட அட்டையோடு போகலாம்.

அடுத்தது பணம். நம்முடைய 100 ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய். 1993 முதல் இந்தக் கணக்கு மாறவில்லை. மனக்கணக்கு போட எளிய வழி: அவர்கள் சொல்லும் விலையை எட்டால் வகுத்து ஐந்தால் பெருக்குங்கள். 800 என்றால் நமக்கு 500. பெரிய நோட்டுகள் பற்றிய விதி அவ்வப்போது மாறும் என்பதால், 100 ரூபாய் நோட்டுக் கட்டாக எடுத்துப் போவதுதான் நிம்மதி. 2024 மார்ச்சில் இருந்து நம் யுபிஐ செயலிகளால் அங்குள்ள போன்பே க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து பணம் கட்டலாம். இங்கே சொல்லும் போன்பே அந்த ஊர் நிறுவனம், நம் ஊர் செயலி அல்ல. ஆனாலும் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நெட் இல்லாத சந்தில்தான் நமக்குப் பிடித்த பொருள் இருக்கும்.

கடைக்காரரிடம் விலை கேட்டதும் அடுத்த கேள்வி "ஐ.சி.யா, என்.சி.யா?" என்பதாக இருக்கட்டும். ஐ.சி. என்றால் இந்தியப் பணம், என்.சி. என்றால் நேபாளப் பணம். அங்கே எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள். எங்கள் மாமா ஒரு ருத்ராட்ச மாலையை 1,200-லிருந்து 500-க்கு அடித்துப் பேசி, ஜெயித்த முகத்தோடு பணம் கொடுக்கப் போனார். 500 ஐ.சி. என்றார்கள். மாமா பேசியது என்.சி. லீ பஜாரில் முப்பது வருஷம் மூட்டை பேரம் பேசிய மனிதர் அவர்.

துணி விஷயத்தில் ஒரு சுவாரசியம். காத்மாண்டு சுமார் 1,400 மீட்டர் உயரம். நம் ஏற்காடு அதைவிடக் கொஞ்சம் அதிகம், 1,500-க்கு மேல். ஆனால் ஏற்காட்டுக்கு எடுத்துப் போகிற ஸ்வெட்டர் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அது வடக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிற ஊர். மார்கழி, தை மாதங்களில் ராத்திரிக் குளிர் ஏற்காட்டை விடப் பல மடங்கு கடுமை. சித்திரையிலோ ஐப்பசியிலோ போனால் நம் ஸ்வெட்டரே தாராளம். முகக்கவசம் மட்டும் எந்த மாதமும் வேண்டும். அது கிண்ணம் மாதிரியான பள்ளத்தாக்கு. புகையும் தூசியும் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கும், குறிப்பாகப் பங்குனியில்.

தலைநகரை ஏன் கடைசியில் வைக்க வேண்டும்

சிலர் காத்மாண்டில் இறங்கியதும் ஊரைச் சுற்றிவிட்டு அப்புறம் முக்திநாத் போகிறார்கள். என் கருத்தில் அது தப்பு. போக்ராவிலிருந்து முக்திநாத் பக்கத்திலுள்ள ஜோம்சோமுக்குப் போகும் சின்ன விமானங்கள் காலையில்தான் பறக்கும். வெயில் ஏற ஏறக் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் காற்று பலமாகிவிடும். மேகம் சூழ்ந்தால் அன்றைக்கு விமானமே இல்லை. ஒரு நாள் போனால் அந்த ஒரு நாளை எங்கிருந்தாவது எடுக்க வேண்டும். காத்மாண்டு நாட்கள் கடைசியில் இருந்தால் அதிலிருந்து எடுக்கலாம். முதலிலேயே செலவழித்துவிட்டால், ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டில்தான் கை வைக்க வேண்டும்.

போக்ராவிலிருந்து காத்மாண்டுக்குத் தரைவழி சுமார் 200 கிலோமீட்டர். நம் கணக்கில் சேலத்திலிருந்து பெங்களூரு தூரம். நான்கு மணி நேரம் என்று நினைத்துக்கொண்டு ஏறாதீர்கள். ஏழெட்டு மணி நேரம் ஆகும், மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதற்கும் மேல். விமானம் அரை மணி நேரத்துக்குள். வயதானவர்கள் இருந்தால் மற்ற செலவைக் குறைத்தாவது இந்த ஒரு டிக்கெட்டைப் போடுங்கள். பஸ்ஸில்தான் போக வேண்டும் என்றால், பள்ளத்தாக்குக்குள் இறங்கும் கடைசி மலைப்பாதையில் லாரி நெரிசல் தாங்காது. ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவும் நமக்குப் பழக்கம்தான், ஆனால் ஏற்காட்டில் யாரும் நடுவழியில் லாரியை அணைத்துவிட்டு டீ குடிப்பதில்லை.

எங்கே தங்குவது

தமேலா, கௌசாலாவா என்று இரண்டே கேள்வி. தமேல் வெளிநாட்டுப் பயணிகள் பகுதி. ஓட்டல், கடை, வெளிச்சம், இரவில் பாட்டுச் சத்தம் எல்லாம் உண்டு. பழைய நகரத்துக்கு நடந்தே போகலாம். கௌசாலா பசுபதிநாத் கோயிலின் பக்கத்தில் இருக்கிறது. தர்மசாலைகளும் சைவ உணவு விடுதிகளும் நிறைய, விமான நிலையமும் கிட்டே. இளசுகள் என்றால் தமேல், பெரியவர்கள் கூட இருந்தால் கௌசாலா என்பேன். நாங்கள் முதல் இரவு தமேலிலும் மறுநாள் இரவு கௌசாலாவிலும் தங்கினோம். மூட்டை முடிச்சை மாற்றுவது ஒரு மணி நேர வேலைதான். கடைசி நாள் காலையில் அது திரும்பக் கிடைத்துவிடுகிறது.

ஊருக்குள் போகவர டாக்சிக்காரர்கள் மீட்டர் போடுவது அபூர்வம். பதாவ், இன்டிரைவ் செயலிகளில் கூப்பிட்டால் வாடகை முன்கூட்டியே தெரியும். பத்துப் பேருக்கு மேல் என்றால் ஒரு வேனை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்வதே லாபம். பேசும்போது இடங்களின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், "சிட்டி டூர்" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் அந்த ஒன்பது இடம் மறுபடியும் வந்துவிடும். இந்தி அரைகுறையாகத் தெரிந்தாலே போதும், எல்லோருக்கும் புரியும். பெண்களை "தீதி", ஆண்களை "தாய்" என்று கூப்பிடலாம். நம் அக்கா, அண்ணன் மாதிரிதான். தாய் என்றால் அங்கே அண்ணன் என்பதைப் பெரியம்மா கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

முதல் நாள் காலை: அசன் முதல் பசந்தபூர் வரை, நடந்தே

காலை ஆறு மணிக்குத் தயாராக இருங்கள். நேபாள மணி நம்மைவிட 15 நிமிடம் முன்னால். கைபேசி தானாக மாறிக்கொள்ளும், கைக்கடிகாரம் மாறாது. மாமாவின் கடிகாரத்தை நம்பி ஒரு நாள் கால் மணி நேரம் பதினொரு பேரும் வேன்காரரிடம் திட்டு வாங்கினோம்.

அசன் என்பது ஆறு தெருக்கள் கூடும் பழைய சந்தை. திபெத்துக்குப் போகும் வணிகப் பாதை இதன் வழியாகத்தான் போனது. நடுவில் அன்னபூரணிக்கு ஒரு கோயில். உள்ளே சிலை இல்லை, நிறைகலசம் ஒன்றுதான் அம்மன். காலையில் அதைச் சுற்றிக் கீரைக்கட்டு, முள்ளங்கி, மஞ்சள், காய்ந்த மீன், பித்தளைப் பாத்திரம், பூஜைச் சாமான் எல்லாம் தரையில் பரப்பியிருப்பார்கள். சின்னக்கடை வீதியில் விடிகாலையில் பூ வாங்கப் போயிருப்பவர்களுக்கு இந்த இடம் ஒரு நொடியில் பிடிபட்டுவிடும். ஓரமாக நின்று பாருங்கள். சாமான் சுமப்பவர்கள் நெற்றியில் பட்டை கட்டி, முதுகில் பீரோவையே தூக்கிக்கொண்டு வருவார்கள். வழிவிட வேண்டியது நாம்தான்.

அங்கிருந்து தென்மேற்கே சாய்வாகப் போகும் தெருவைப் பிடித்தால் இந்திர சௌக். வழியில் யாரிடமாவது பல்வலிச் சாமி எங்கே என்று கேட்டுப்பாருங்கள். பங்கேமுடா என்ற இடத்தில் சுவரோரம் ஒரு மரக்கட்டை, அதன்மேல் ஆயிரக்கணக்கான காசுகளை ஆணி வைத்து அறைந்திருக்கிறார்கள். பல் வலித்தால் ஒரு காசை அறைய வேண்டும் என்பது நேர்த்திக்கடன். சுற்றிலும் பல் டாக்டர் பலகைகள். சாமி கைவிட்டால் எதிரே போகலாம் என்ற ஏற்பாடு.

இந்திர சௌக்கில் பாசிமணிச் சந்தை ஒன்று உண்டு. கல்யாணமான நேபாளப் பெண்கள் அணியும் போத்தே என்ற கண்ணாடிப் பாசி மாலையை அங்கே கோத்துத் தருவார்கள். நம் பெண்களை அங்கே விட்டால் ஒரு மணி நேரம் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். பாசி கோக்கும் வேகத்தைப் பார்த்து என் அக்கா, "நம்ம பட்டறையில சலங்கை கோக்குற மாதிரியே இருக்குடா" என்றாள். எங்கள் வீட்டில் கொலுசுத் தொழில்.

அதே தெருவில் இன்னும் கொஞ்சம் நடந்தால் அனுமான் தோகா என்றும் பசந்தபூர் என்றும் சொல்லப்படும் பழைய அரண்மனைச் சதுக்கம். நுழைவுச் சீட்டு உண்டு. சார்க் நாட்டவருக்குக் கட்டணம் மற்ற வெளிநாட்டவரை விடக் குறைவு, அடையாள அட்டையைக் காட்டிக் கேட்டு வாங்குங்கள். 2015 ஏப்ரல் 25-இல் வந்த 7.8 அளவு நிலநடுக்கத்தில் இங்கே பல கோயில்கள் மண்ணோடு மண்ணாகின. அவற்றுள் ஒன்று காஷ்டமண்டபம். காஷ்டம் என்றால் மரம். அந்த மரமண்டபத்தின் பெயர்தான் காத்மாண்டு என்று ஊருக்கே ஆனது. ஒரே மரத்திலிருந்து கட்டியது என்று சொல்வார்கள். விழுந்ததைப் பழைய முறைப்படியே திரும்பக் கட்டிவிட்டார்கள்.

சதுக்கத்தின் ஒரு மூலையில் குமாரி வீடு. 1757-இல் கட்டிய செங்கல்லும் மரமுமான கட்டடம். சாக்கிய குலத்துச் சிறுமி ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து, அவள் பருவமெய்தும் வரை தலேஜு அம்மனாக வழிபடுகிறார்கள். உள்முற்றத்தில் அமைதியாகக் காத்திருந்தால் சில சமயம் மேல் மாடி ஜன்னலில் வந்து பார்ப்பாள். அவளைப் படம் எடுக்கக் கூடாது. கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் நிற்க வேண்டும். எங்களுக்கு அரை நிமிடம் தரிசனம் கிடைத்தது. பெரியம்மா கும்பிட்டபடியே, "பள்ளிக்கூடம் போகுதாங்க?" என்று பக்கத்தில் நின்ற காவலரிடம் தமிழிலேயே கேட்டார். இப்போது குமாரிகளுக்கு வீட்டுக்கே வந்து ஆசிரியர்கள் பாடம் சொல்லித் தருகிறார்கள்.

சாப்பாடு பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் வயிற்றுக்கு நேபாளம் கஷ்டமான நாடே இல்லை. அவர்களும் சோறு சாப்பிடுகிறவர்கள். தால்-பாத் என்று கேட்டால் சோறு, பருப்பு, பொரியல், கீரை, ஊறுகாய் வரும், பெரும்பாலான கடைகளில் மறுபடியும் கேட்டு வாங்கலாம். வீட்டுப் பருப்புப் பொடி ஒரு பொட்டலம் இருந்தால் அம்மாக்களும் திருப்தி. பாரா என்று இந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார் மக்களின் கடைகளில் கிடைப்பது உளுந்தை அரைத்துத் தட்டிச் சுடும் அடை. தட்டுவடை செட்டுக்கு ஏங்குகிறவர்கள் அதைக் கொண்டு சமாளிக்கலாம். மோமோ வாங்கும்போது மட்டும் கவனம். "பஃப்" என்றால் எருமைக் கறி. சைவம் என்பதற்கு "சாகாஹாரி" என்று ஒரு முறைக்கு இரு முறை சொல்லி வாங்குங்கள். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது.

முதல் நாள் மதியம்: பாட்டன்

சாப்பிட்டு ஒரு மணி நேரம் படுத்து எழுந்திருங்கள். இதைத் திட்டத்தில் எழுதியே வையுங்கள், இல்லாவிட்டால் யாரும் படுக்க மாட்டார்கள். மூன்று மணிக்குப் பாக்மதி ஆற்றைத் தாண்டி பாட்டன் போகலாம்.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால் எல்லோரும் பக்தபூர் போகச் சொல்வார்கள். 1702-இல் கட்டிய ஐந்து அடுக்கு நியாதபோலாக் கோயில் அங்கேதான் இருக்கிறது, 1934, 2015 என இரண்டு பெரிய நிலநடுக்கங்களிலும் அது விழவில்லை. மண்சட்டியில் தோய்த்த ஜூஜூ தௌ என்ற தயிரும் அங்கே பேர் போனது. ஆனால் அது 13 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தனி ஊர், ஒரு முழு நாளைக் கேட்கும். அரை நாள்தான் இருக்கிறதென்றால், அதிலும் சேலத்துக்காரர் என்றால், நான் பாட்டனைத்தான் சொல்வேன்.

காரணம் உலோகம். பாட்டனில் தலைமுறை தலைமுறையாகச் சிற்பம் வார்க்கிற சாக்கியக் குடும்பங்கள் இருக்கின்றன. மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சுட்டு, மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது, நம் சுவாமிமலை முறையேதான். வேறுபாடு எங்கே என்றால், நம்மவர்கள் மெழுகை உள்ளே கெட்டியாக வைப்பார்கள், சிலை கனமாக வரும். அவர்கள் பெரும்பாலும் உள்ளே கூடாக வார்ப்பார்கள், செம்பில் வார்த்துத் தங்க முலாம் பூசுவார்கள். அரண்மனைக்குள் இருக்கும் பாட்டன் அருங்காட்சியகத்தில் இந்த வேலையைப் படிப்படியாகக் காட்டியிருக்கிறார்கள். காத்மாண்டில் ஒரே ஒரு அருங்காட்சியகத்துக்குப் பணம் கட்டுவதாக இருந்தால் இதற்குக் கட்டுங்கள். பத்த வைப்பதும் மெருகு போடுவதும் பார்த்தே வளர்ந்த என் தம்பி, தாரா என்ற புத்த தெய்வச் சிலை ஒன்றின் விரல் நுனிக்கு முன்னால் இருபது நிமிடம் நின்றான். "ஒட்டு எங்கே இருக்குன்னே தெரியலை" என்பதுதான் அன்று முழுக்க அவன் பேச்சு.

எதிரே கிருஷ்ணர் கோயில். 1637-இல் சித்தி நரசிம்ம மல்லர் கட்டியது. ஊரில் பெரும்பாலும் செங்கல்லும் மரமுமாக இருக்க, இது முழுக்கக் கல். 21 கலசங்கள். முதல் மாடியில் மகாபாரதக் காட்சிகளும் அதற்கு மேலே ராமாயணமும் வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். வெயில் சாயும் நேரத்தில் எதிர்த் திண்ணையில் ஊர்ப் பெரியவர்கள் வந்து உட்காருவார்கள். நாமும் உட்காரலாம். எங்கள் குழு அந்தத் திண்ணையில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தது. பயணத்திலேயே பிடித்தது எது என்று அப்புறம் கேட்டபோது, நாலு பேர் அந்தத் திண்ணையைத்தான் சொன்னார்கள்.

சிலை வாங்குவதானால் இங்கே வாங்குங்கள், கொலுவுக்குச் சின்னச் சின்னதாக நிறையக் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருளை நாட்டைவிட்டு எடுத்துப் போகத் தடை இருக்கிறது. புதிய சிலையே என்றாலும் பழசு மாதிரித் தெரிந்தால் விமான நிலையத்தில் தொல்லியல் துறைச் சான்று கேட்பார்கள். கடைக்காரரிடமே வாங்கித் தரச் சொல்லுங்கள். "ஏழு உலோகக் கிண்ணம்" என்று தட்டி ஓசை எழுப்பிக் காட்டுவதெல்லாம் அநேகமாக நம் வெண்கலம்தான். ஓசை பிடித்திருந்தால் வாங்குங்கள், ஏழு உலோகத்துக்காக வாங்காதீர்கள்.

இரண்டாம் நாள்: பெருமாள், குன்று, விளக்கு

காலையில் முதலில் வடக்கே புத்தநீலகண்டர். முக்திநாத் வரை வந்த வைணவக் குடும்பங்கள் இதைத் தவறவிட்டுப் போவது எனக்கு ஆச்சரியம். பெயரைப் பார்த்துச் சிவன் கோயில் என்றோ புத்தர் கோயில் என்றோ விட்டுவிடுகிறார்கள். உண்மையில் ஆதிசேஷன் மேல் சயனித்திருக்கும் பெருமாள், சுமார் 5 மீட்டர் நீளம், ஒரே கருங்கல். லிச்சவி மன்னர் காலத்துச் சிலை, ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கும் மேல் பழசு. நம் ஊரில் சயனப் பெருமாளைக் கருவறை இருட்டில் தீப வெளிச்சத்தில் பார்த்துப் பழகியவர்கள் நாம். இங்கே கூரையே இல்லை. குளத்து நடுவில், மேலே வானம், மழை பெய்தால் பெருமாள் நனைவார். நேபாள மன்னர்கள் விஷ்ணுவின் அவதாரமாகக் கருதப்பட்டதால், இந்த உருவத்தைப் பார்த்தால் ஆயுள் போகும் என்று மன்னராட்சி இருந்தவரை அரசர்கள் இங்கே வந்ததே இல்லை என்பார்கள்.

அங்கிருந்து குன்றின்மேல் இருக்கும் புத்த தூபியான சுயம்புநாத். கிழக்கு வாசலில் 365 படி. செங்குத்து, அதிலும் கடைசிப் பகுதி. குமரகிரிப் படி ஏறிப் பழகிய முட்டி இருந்தால் ஏறுங்கள். இல்லாவிட்டால் வேன்காரரிடம் பின்பக்க வழியில் விடச் சொல்லுங்கள், கொஞ்சம் படிதான் இருக்கும். குரங்குகளிடம் ஜாக்கிரதை. கையில் பிளாஸ்டிக் பை இருந்தாலே அதற்குத் தின்பண்டம் என்றுதான் அர்த்தம். மேலே போனால் லேடீஸ் சீட்டிலிருந்து சேலத்தைப் பார்க்கிற மாதிரி மொத்தப் பள்ளத்தாக்கும் காலடியில் கிடக்கும். ஒரு காலத்தில் இது முழுவதும் ஏரியாக இருந்தது, மஞ்சுஸ்ரீ என்ற போதிசத்துவர் வாளால் மலையை வெட்டித் தண்ணீரை வடித்தார் என்பது கதை. ஏரிப் படுகைதான் என்று மண்ணியல்காரர்களும் சொல்கிறார்கள்.

மதியம் ஓய்வு. தமேலில் இருந்து கௌசாலாவுக்கு அறை மாற்றிக்கொள்ளவும் இதுவே நேரம். இடையில் ஓரிடம் வேண்டுமென்றால், தமேல் ஓரத்தில் கனவுத் தோட்டம் என்று பழைய ராணா மாளிகைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. சீட்டு உண்டு. புல்தரை, நிழல், சுத்தமான கழிப்பறை. வயதானவர்களை அங்கே உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் கடைக்குப் போகலாம்.

மாலை ஐந்து மணிக்குப் பௌத்தநாத். பகலில் பார்த்தால் பெரிய வெள்ளைக் கும்பம் மாதிரியான புத்த தூபி. அந்தி சாய்ந்த பிறகுதான் அது உயிர்பெறும். 1959-க்குப் பிறகு வந்த திபெத்தியர்கள் இதைச் சுற்றிக் குடியேறினார்கள். வேலை முடிந்து அவர்கள் எல்லோரும் ஜபமாலையை உருட்டிக்கொண்டு வலம் வருவார்கள். நாமும் வலமாகத்தான் சுற்ற வேண்டும், நமக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. நெய்விளக்கு ஏற்றப் பணம் கட்டலாம். 2015-இல் உச்சி விரிசல் விட்டு, 2016 நவம்பரில் சீர்செய்து திறந்தார்கள். சுற்றியிருக்கும் வீடுகளின் மொட்டைமாடிகளில் டீக்கடைகள் உண்டு. விலை கூடுதல்தான், ஆனால் மேலிருந்து அந்த மனிதச் சுழலைப் பார்க்க ஒரு டீக்கான காசைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

கிளம்பும் நாள் காலை: பசுபதிநாதர்

மதிய விமானம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். காலை விமானம் என்றால் இதை முந்தின நாள் மாலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்போது பாக்மதிக் கரையில் ஆரத்தியும் கிடைக்கும்.

விடியும் முன் போய்விடுங்கள். பெல்ட், பர்ஸ், தோல் பை எதுவும் உள்ளே கூடாது, அறையிலேயே விட்டுவிடுங்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. மேற்கு வாசலில் நுழைந்ததும் முலாம் பூசிய பெரிய நந்தியின் முதுகுதான் முதலில் தெரியும். சுகவனேஸ்வரர் கோயிலில் நாம் ஒரு பக்கமாக நின்று எட்டிப் பார்ப்போம். இங்கே கருவறைக்கு நான்கு வாசல், லிங்கத்துக்கு நான்கு முகம். மேற்கே சத்யோஜாதம், வடக்கே வாமதேவம், தெற்கே அகோரம், கிழக்கே தத்புருஷம், உச்சி ஈசானம். ஒரு வாசலில் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடாதீர்கள், நான்கிலும் நின்றால்தான் தரிசனம் முழுமை. பூஜை செய்பவர்கள் கர்நாடகத்திலிருந்து வந்த பட்டர்கள். அதனால் முறைகள் நமக்கு அந்நியமாகத் தோன்றாது. சனிக்கிழமை அங்கே விடுமுறை நாள், ஆடி மாதக் கோட்டை மாரியம்மன் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

கோயிலுக்குக் கீழே ஆரிய காட் என்ற படித்துறையில் சிதைகள் எரிந்துகொண்டிருக்கும். கேமராவைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவர்கள் இருப்பார்கள். நாம் அப்படி நிற்க வேண்டாம், எரிவது ஒரு வீட்டுக்காரர்களின் ஆள்.

ருத்ராட்சத்தை வெளியே வாங்கலாம். ஐந்து முகம் சாதாரணமாகக் கிடைப்பது, விலையும் குறைவு, அதை வாங்குங்கள். ஒரு முகம் என்று ரகசியமாகக் கையில் வைத்துக் காட்டுகிறவரிடம் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள்.

உங்களிடம் ஒரே ஒரு நாள்தான் மிச்சம் என்றால்: காலை அசனிலிருந்து பசந்தபூர், மதியம் தூக்கம், மாலை பௌத்தநாத், மறுநாள் விடியலில் பசுபதி. மற்றதை விடுங்கள்.

விமான நிலையம்

மூன்று மணி நேரம் முன்னதாகப் போங்கள். ஓடுபாதை ஒன்றே ஒன்று, தாமதம் சகஜம், சோதனையும் ஒரு முறையோடு முடியாது.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் தீர்த்தம். முக்திநாத் தீர்த்தமும் கண்டகித் தண்ணீரும் கைப்பையில் வைத்தால் 100 மில்லிக்கு மேல் எல்லாம் குப்பைத் தொட்டிக்குத்தான். பெரியம்மா அம்மாப்பேட்டைச் சம்பந்திக்காகச் சுமந்து வந்த ஒரு லிட்டர் பாட்டிலுக்காக வரிசையே நின்றது. முந்தின இரவே மூடியை இறுக்கி, மேலே டேப் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, துணிக்கு நடுவில் பெரிய பெட்டியில் வைத்துவிடுங்கள். குக்ரி கத்தி வாங்கியிருந்தால் அதுவும் பெட்டிக்குள். பவர் பேங்க் மட்டும் கையில்.

மிச்ச நேபாளப் பணத்தை அங்கேயே செலவழித்துவிடுங்கள். சேலத்தில் அதை மாற்ற அலைவது வேண்டாத வேலை. டெல்லி வழியாகத் திரும்புகிறவர்கள், இரண்டு டிக்கெட்டும் தனித்தனியாகப் போட்டிருந்தால், நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம் விடுங்கள். அங்கே பெட்டியை எடுத்து, குடியேற்றம் முடித்து, மறுபடி போட வேண்டும். மார்கழி, தை என்றால் டெல்லிப் பனிமூட்டத்துக்கு அதுவும் போதாமல் போகலாம்.

போர்டிங் அட்டை வாங்கும்போது வலதுபக்க ஜன்னல் கேளுங்கள். மேற்கே பறக்கிற விமானம், இமயமலை முழுவதும் வலது கையோரம்தான் வரும். மேகம் இல்லாத நாளில் அன்னபூர்ணாத் தொடர் தெரியும்போது, முக்திநாத் அதற்கு அந்தப் பக்கம் என்று பெரியம்மாவிடம் காட்டினேன். ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "பாட்டிலைப் பெரிய பெட்டியிலதானே வச்சே?" என்று கேட்டார்.